எனக்கு 49, அம்மாவுக்கு 67, ரெண்டு பேரும் எடை கொறைக்கணும். ஒரே மாதிரி செய்யலாமா?

மஸ்கெலியா மல்லி:

வணக்கம் எல்லாருக்கும். நான் பொறந்து வளந்தது இலங்கை மலநாட்டுல மஸ்கெலியா பக்கத்து தேயிலைத் தோட்டம், இப்ப ஹட்டன் டவுன்ல ஒரு கடையில பில் போடுற வேல, காலையில ஒக்காந்தா அந்திக்கு தான் எந்திரிக்கிறது. வயசு 49, ஒயரம் 152 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. மாசாமாசம் வர்றது நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுக்கப்புறம் கை காலெல்லாம் முன்ன மாதிரியே தான் இருக்கு, வயிறு மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. சாப்பாட்ட கூட்டவே இல்ல, மலையில வேல செஞ்ச காலத்துல சாப்ட்டத விட இப்ப கொறச்சு தான் சாப்புடுறேன், அப்புறம் ஏன்னு வெளங்கல. நாப்பது தாண்டினா ஒடம்பு எரிக்கிறது நின்னுரும், இனி ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு கடையில உள்ள பிள்ளைங்க சொல்றாங்க.

என்னய விட அம்மாவ நெனச்சா தான் கவல. அம்மாவுக்கு 67, ஒயரம் 148, எடை 63. சின்ன வயசுல இருந்து கொழுந்து எடுத்தவங்க, பென்ஷன் ஆனதுக்கப்புறம் எங்க கூட இருக்காங்க, வீட்டு வேல கொஞ்சம், மத்த நேரம் டிவி. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு, ரெண்டு முழங்காலும் வலி, லயத்து (தோட்டத்து வரிசை வீடு) படி எறங்குறதுன்னாலே பயப்படுறாங்க. கிளினிக்ல டொக்டர் எடைய கொறைங்கன்னு சொன்னாரு, எப்பிடின்னு கேக்க நேரமில்ல, பின்னுக்கு அவ்வளவு சனம் நிக்கிது. அன்னையில இருந்து அம்மா ராத்திரி சாப்பாட்ட நிப்பாட்டிட்டாங்க, நான் சொன்னாலும் கேக்கல. போன கெழம விடியக்காலையில வேர்த்து ஊத்தி கையெல்லாம் நடுங்கி பேச்சு கொழறி போச்சு, பயந்துட்டோம், சீனி போட்டு தேத்தண்ணி குடுத்தவுடனே கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிட்டாங்க.

எங்க வீட்டு சாப்பாடு வழக்கமானது தான். காலையில ரொட்டியும் கட்டசம்பலும், பகலைக்கு சோறு பருப்பு ஒரு மரக்கறி, சில நாள் கருவாடு, ராத்திரிக்கும் ரொட்டி இல்லாட்டி பாண். நடுநடுவுல பிளேன்டி (பாலில்லாத தேத்தண்ணி) போய்க்கிட்டே இருக்கும். ஜிம்முக்கு போற வசதியெல்லாம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி கொறைக்கலாமா, எங்க இருந்து தொடங்குறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிளினிக் மிஸ்ஸி:

தங்கச்சி, மத்ததெல்லாம் பொறவு, முதல்ல அம்மா விசயம். நான் சீனி வருத்த கிளினிக்ல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, நீங்க எழுதினத வாசிச்சவுடனே மனசு பதறிருச்சு. வேர்வ, நடுக்கம், பேச்சு கொழறுறது, சீனி குடுத்தவுடனே சரியாகுறது, இது ரத்தத்துல சீனி எறங்கி போனதோட அடையாளம். 70க்கு கீழ போனா அது ஆபத்து. அம்மா என்ன மாத்திரை போடுறாங்கன்னு அட்டைய பாருங்க. மெட்ஃபோர்மின் மட்டும்னா பொதுவா இப்பிடி எறங்காது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் இந்த மாதிரி ஏதாவது இருந்தா, இல்ல இன்சுலின் போட்டா, சாப்பாட்ட விட்டா எறங்குற ஆபத்து கூட, ஏன்னா அந்த மருந்து சாப்பாடு வருதுன்னு நம்பி வேல செய்யிது. ராத்திரி சாப்புடாம மாத்திரைய மட்டும் போட்டுக்கிட்டு படுத்தா தூக்கத்துலயே மயங்கி போயிரலாம், பக்கத்துல உள்ளவங்களுக்கு தெரியவும் மாட்டேங்குது.

அதனால இன்னைக்கே ராத்திரி சாப்பாட்ட திருப்பி தொடங்க சொல்லுங்க, அளவா சாப்ட்டா போதும், ஆனா விடக்கூடாது. அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காம இந்த கெழமையே போயி நடந்தத அப்பிடியே டொக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரை அளவ அவங்க பாத்து மாத்துவாங்க, நீங்களா கொறைக்கவோ நிப்பாட்டவோ வேணாம். திரும்பவும் அந்த மாதிரி வந்தா, முழுங்க கூடிய நெலமையில இருந்தா, மூணு தேக்கரண்டி சீனிய தண்ணியில கலக்கி குடுங்க, கால் மணி நேரத்துல தெளியலன்னா இன்னொரு தடவ குடுங்க, தெளிஞ்சதுக்கப்புறம் ஏதாவது சாப்பாடு குடுக்கணும். மயங்கி கெடந்தா வாயில ஒண்ணும் ஊத்த வேணாம், உடனே ஆஸ்பத்திரி. தெளிஞ்சிட்டாலும் மாத்திரை அந்த வகையா இருந்தா காட்டிட்டு வர்றது நல்லது, சில மருந்து ஒடம்புல ரொம்ப நேரம் நிக்கும், மறுபடி எறக்கிப்புடும்.

வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் பிடிக்கிற அம்மாமாருக்கும் இத தான் சொல்றேன். மருந்து போடுறவங்க டொக்டர்கிட்ட கேக்காம பட்டினி கெடக்க வேணாம், சாமி கோவிச்சிக்காது.

எடை கொறைக்கிறத பத்தி பொறவு வந்து எழுதுறேன், இப்ப இத மட்டும் செய்ங்க.

நுவரெலியா 77:

சோத்த விடுங்க அக்கா, அவ்வளவு தான். நான் சோறு, ரொட்டி, பாண் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு ஒரு மூலிகை பவுடர் குடிச்சேன், போன்ல ஆர்டர் பண்ணினா வீட்டுக்கே வருது, மளமளன்னு எறங்கிச்சு. அம்மாவுக்கும் குடுங்க, இயற்கையானது தானே, பக்கவிளைவு ஒண்ணும் கெடையாது.

பண்டாரவளை சேர்:

தம்பி, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா அந்த பவுடர அந்த அம்மாவுக்கு குடுக்க சொல்லாதீங்க. எடை கொறைக்கிற பவுடர், டீ, கெப்சூல்னு விக்கிறதுல நெறைய பேதி மருந்து தான் இருக்கு, அதுல எறங்குறது தண்ணி, கொழுப்பு இல்ல. சிலதுல சிபுட்ராமின்னு ஒரு மருந்த சொல்லாம கலந்திருக்காங்கன்னு பல நாட்டுல சோதிச்சு கண்டுபிடிச்சிருக்காங்க. அது இதயத்துக்கு ஆபத்துன்னு 2010லயே ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் சந்தையில இருந்து எடுத்த மருந்து. பிரஷர் உள்ள 67 வயசு ஆளுக்கு அது போனா என்ன ஆகும்? நாம மீன் கொழம்புக்கு போடுற கொறக்காவுக்கு நான் எதிரி இல்ல, ஆனா அந்த வகைய சாரா பிழிஞ்சு கெப்சூல்ல அடைச்சு விக்கிறத குடிச்சு ஈரல் பாதிச்சவங்க இருக்காங்க. பெயர் தெரியாத எதையும் வேணாம்.

மல்லி, ஒங்க கேள்விக்கு வாறேன். நான் விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள், இப்ப 64 வயசு, இந்த விசயத்த ஒரு ஆர்வத்துல நெறைய வாசிச்சிருக்கேன்.

நாப்பதுல ஒடம்பு எரிக்கிறது நின்னுருதுன்னு சொல்றது சரியில்ல. 2021ல சயன்ஸ் சஞ்சிகையில ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 29 நாட்டுல இருந்து ஆறாயிரத்துக்கு மேல ஆட்கள், கைக்குழந்தையில இருந்து தொண்ணூறு தாண்டினவங்க வரைக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி எரிக்கிறாங்கன்னு அளந்திருக்காங்க. ஒடம்போட அளவையும் தசையையும் கணக்குல எடுத்தா 20 வயசுல இருந்து 60 வரைக்கும் பெரிசா ஒரு மாத்தமும் இல்ல. பொம்பளைங்களுக்கு பீரியட்ஸ் நிக்கிறதாலயும் எரிப்பு கொறையல. 60க்கு அப்புறம் தான் வருஷத்துக்கு 0.7 வீதம் மாதிரி கொறைய தொடங்குது.

அப்ப ஏன் வயிறு வருது? ரெண்டு காரணம். ஈஸ்ட்ரஜன்னு சொல்ற பொம்பளைங்க ஹோர்மோன் கொறையிறப்ப கொழுப்பு சேர்ற எடம் மாறுது, முன்ன இடுப்புலயும் தொடையிலயும் போனது இப்ப வயித்துக்குள்ள போகுது. அதான் கை கால் அப்பிடியே இருக்கு. மத்தது, இது தான் நம்ம மலநாட்டு ஆட்களுக்கு முக்கியம்னு நான் நெனைக்கிறேன், வேல மாறிருச்சு சாப்பாடு மாறல. நம்ம சாப்பாடு ஒரு வேலைக்காக உண்டான சாப்பாடு. காலையில வேலைக்கு பேர் குடுக்குற பெரட்டுக்கு நின்னு, கூடைய தலையில மாட்டிக்கிட்டு, பதினெட்டு கிலோ கொழுந்துக்காக நாள் பூரா செங்குத்தான மலையில ஏறி எறங்குற ஒடம்புக்கு ரெண்டு தடிச்ச ரொட்டியும் சீனி தேத்தண்ணியும் போதாது கூட. மழையில, குளிருல, அட்டை கடியில நின்ன ஒடம்பு அது. அந்த தட்டு அப்பிடியே இருக்கு, மலைய விட்டு எறங்கி பில் மேசைக்கு வந்துட்டீங்க, ஒங்க அம்மா பென்ஷனுக்கு வந்துட்டாங்க. நீங்க பேராசையா சாப்புடலம்மா. ஒடம்பு செய்யிற வேலை போயிருச்சு, அதோட வேல செஞ்சு வளந்த தசையும் கொஞ்சம் கொஞ்சமா போகுது.

இன்னொண்ணு. நம்ம ஆட்களுக்கு ஒல்லியா தெரிஞ்சாலும் வயித்துக்குள்ள கொழுப்பு சேர்றது கூட. அதனால தெற்காசிய ஆட்களுக்கு அளவுகோலே வேற, பிஎம்ஐ (ஒயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு) 23க்கு மேல போனாலே கவனிக்கணும், 27.5க்கு மேலன்னா ஆபத்து கூட. ஒங்களுக்கு 29 தாண்டுது, அம்மாவுக்கு 28.8. தராசு இல்லாட்டி பரவால்ல, தையல் நாடா போதும், தொப்புள் மட்டத்துல சுத்தி அளந்து பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90, அதுக்கு மேல போகாம பாக்கணும்.

எல்லாத்தையும் கொறைக்கணும்னு பயப்பட வேணாம். அமெரிக்காவுல 2002ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு, சீனி வருத்தம் வர்ற வாசல்ல நின்னவங்கள எடையில 7 வீதம் கொறைக்க சொல்லி, கெழமைக்கு 150 நிமிசம் வேகமா நடக்க வச்சாங்க. சீனி வருத்தம் வர்றது 58 வீதம் கொறஞ்சிச்சு, 60 தாண்டினவங்கள்ல 71 வீதம். அதே ஆய்வுல மெட்ஃபோர்மின் மாத்திரை குடிச்சவங்களுக்கு 31 வீதம் தான். வயசானவங்களுக்கு தான் பலன் கூட கெடச்சிருக்கு, பாருங்க. ஒங்களுக்கு 7 வீதம்னா 5 கிலோ கூட இல்ல.

தலவாக்கலை தம்பி:

சேர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்கப்பா ஃபெக்டரியில ரோலர்ல நின்னவரு, வேல விட்டதுக்கப்புறம் வயிறு வந்து மூச்சு வாங்க தொடங்கிருச்சு. நான் லொறி ஓடுறேன், எனக்கும் 52 ஆச்சு, சீட்ல ஒக்காந்தே போற வேல. அக்கா, தேத்தண்ணிய எண்ணி பாருங்க முதல்ல. ஒரு நாளைக்கு ஆறு பிளேன்டி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு தேக்கரண்டின்னா 12 தேக்கரண்டி சீனி, 50 கிராமுக்கு மேல வரும், அதுவே 200 கலோரிக்கு மேல. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. நம்ம ஊர்ல தான் தேயிலையே வளருது, நல்ல தூள் வாங்கி போட்டா சீனி இல்லாமலே ருசி இருக்கு. ஒரேடியா நிப்பாட்ட ஏலாட்டி கரைச்சி குடிக்காம நம்ம பெரியவங்க மாதிரி உள்ளங்கையில ஒரு துளி வச்சி நக்கிக்கிட்டு குடிங்க, அப்பிடியே கொறைஞ்சிரும். நான் அப்பிடி தான் கொறச்சேன்.

ஆம்பளைங்களுக்கு ஒரு விசயம், சாராயம். அதுக்கு கூட எடுக்குற பைட் பொரியல் எல்லாம் சேத்தா ஒரு முழு சாப்பாடு அது. சாராயத்துல உள்ள மதுசாரத்துக்கு ஒரு கிராமுக்கு 7 கலோரி, கொழுப்புக்கு 9, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வயிறு கொறையலன்னு சொல்றவங்க அத கணக்குல எடுக்குறதே இல்ல.

மஸ்கெலியா மல்லி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மிஸ்ஸி அக்கா, நீங்க சொன்னவுடனே அட்டைய பாத்தேன், கிளிக்லசைட் இருந்துச்சு, மறுநாளே கூட்டிக்கிட்டு போனேன். டொக்டர் விசாரிச்சு ராத்திரி மாத்திரைய கொறச்சிருக்காரு, சாப்பாட்ட விடக்கூடாதுன்னு அம்மாவுக்கு நேரா சொன்னாரு, நான் சொன்னா கேக்காதவங்க அவர் சொன்னவுடனே சரின்னுட்டாங்க.

சேர், நீங்க எழுதினத அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன், அந்த பெரட்டு, கூடை எல்லாம். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பொறவு "அப்ப நான் சோம்பேறி ஆகல இல்ல"ன்னு கேட்டாங்க.

இப்ப சாப்பாட்டுல எத மாத்துறதுன்னு சொல்லுங்க. குரக்கன் (கேழ்வரகு) வாங்கவா, ஓட்ஸ் வாங்கவா? ஓட்ஸ் வெல கேட்டா தல சுத்துது. அம்மாவ எப்பிடி நடக்க வைக்கிறது, எங்க வீட்டுக்கு வெளியில வந்தா ஒண்ணு ஏத்தம், இல்ல எறக்கம், சமதரையே கெடையாது.

கிளினிக் மிஸ்ஸி:

அம்மாவ கூட்டிக்கிட்டு போனது பெரிய நிம்மதி தங்கச்சி. இப்ப விரிவா எழுதுறேன்.

ஒங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே சட்டியில சமைக்கலாம், ஆனா குறி வேற. நீங்க கெழமைக்கு அரைக்கிலோ மாதிரி கொறச்சிக்கிட்டு போகலாம். அம்மா அவசரப்படவே கூடாது, சில மாசத்துல 3 கிலோ கொறஞ்சா அதுவே நெறைய. 60, 65 தாண்டினவங்க பட்டினி கெடந்து கொறைச்சா கொழுப்போட சேர்ந்து தசையும் எலும்பும் போகும். தசை போனா விழுவாங்க, எலும்பு மெலிஞ்ச நேரத்துல விழுந்தா இடுப்பு எலும்பு ஒடையும், அதுல இருந்து எழும்பாமலே போனவங்கள நான் வார்டுல நெறைய பாத்திருக்கேன். 65 தாண்டினவங்கள வச்சு 2011ல வந்த ஒரு ஆய்வுல சாப்பாடு மட்டும் கொறச்சவங்கள விட, உடற்பயிற்சி மட்டும் செஞ்சவங்கள விட, ரெண்டையும் சேத்து செஞ்சவங்களுக்கு தான் நடக்குறது எந்திரிக்கிறது எல்லாம் நல்லா வந்துச்சு, தசையும் எலும்பும் போறதும் சாப்பாடு மட்டும் கொறச்சவங்கள விட கொறவு. வயசானவங்களுக்கு எடைய விட பலம் தான் முதல் கணக்கு.

அதனால புரதம். நம்ம தட்டுல இல்லாதது அது தான். காலையில ரொட்டி சம்பல், ராத்திரி பாண், எங்க புரதம்? வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 கிராம்ல இருந்து 1.2 கிராம் வரைக்கும் வேணும், அம்மாவுக்கு 63ல இருந்து 75 கிராம் ஒரு நாளைக்கு. ஒரு முட்டையில 6 கிராம். கடலை, பயறு, பருப்பு அவிக்காம 100 கிராமுக்கு 20 கிராம் மேல கீழ. சோயா மீட் காஞ்சதுல 100 கிராமுக்கு 50 கிராம் மாதிரி, நம்ம வீடுகள்ல அத வாங்குறது புதுசு இல்ல, ஆனா அதோட வர்ற மசாலா பக்கட்டுல உப்பு நெறைய, அத வச்சிட்டு நம்ம தூள போடுங்க. நெத்தலி கருவாட்டுல புரதம் நெறைய, உப்பும் நெறைய, அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறதால சுடுதண்ணியில ஊற வச்சி தண்ணிய ஊத்திட்டு சமைங்க. பருப்ப தண்ணியா வைக்காம கெட்டியா வைங்க. ஒண்ணு மறக்காம கேளுங்க, அம்மாவுக்கு கிட்னி எப்பிடி இருக்குன்னு. சீனியும் பிரஷரும் உள்ளவங்களுக்கு கிட்னி பாதிச்சிருந்தா புரதத்த கூட்ட கூடாது, அது டொக்டர் சொல்லணும்.

ஓட்ஸ் வாங்க வேணாம். கோதுமை மா 100 கிராம்ல 350 கலோரி கிட்ட இருக்கு, பெரிய தடிச்ச ரொட்டி ஒண்ணுக்கு அவ்வளவு மா போகும், தேங்காப்பூ வேற. ரொட்டிய விட சொல்லல, யாரும் விட மாட்டாங்க. சின்னதா, மெல்லிசா, ஒண்ணு சுடுங்க, மாவுல குரக்கன் மா கலக்குறதுன்னா கலக்கலாம் ஆனா அதுலயும் கலோரி கிட்டத்தட்ட அதே தான், குரக்கன்னு நெனச்சு மூணு சாப்ட கூடாது. ரொட்டி மாவுலயே வல்லாரையோ பொன்னாங்கண்ணியோ வெட்டி போட்டு பெசைங்க, நார்ச்சத்து சேரும், வயிறும் நெறையும். கூட ஒரு முட்டையோ அவிச்ச கடலையோ. சோத்துக்கு தட்ட மாத்துங்க, பாதி மரக்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம். நாம மரக்கறி வெளையிற பூமியில இருக்கோம், லீக்ஸ், கோவா, போஞ்சி, நோக்கோல், கரட், கொழும்புக்காரங்க வெல குடுத்து வாங்குறத நாம தோட்டத்து பக்கத்துலயே வாங்கலாம். ஆனா எல்லாத்தையும் உருளக்கெழங்கோட சேத்து தேங்காப்பால் ஊத்தி வச்சா அது மரக்கறி கணக்குல வராது, கெழங்கு சோத்து கணக்கு. பாதிய சும்மா தாளிச்சோ சுண்டலாவோ செய்ங்க.

பிளேன்டிய பத்தி தம்பி சொன்னது சரி, நான் ஒண்ணு சேக்குறேன், சாப்ட்டவுடனே குடிக்க வேணாம், ஒரு மணி நேரம் கழிச்சி குடிங்க. தேயிலைச்சாயம் இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது, நம்ம பொம்பளைங்களுக்கு ஏற்கனவே ரத்தம் கொறவு.

இப்ப நடக்குறது. முழங்கால் வலிக்கு ஏத்தத்த விட எறக்கம் தான் மோசம், அம்மா படி எறங்க பயப்படுறது அதனால தான். எடையில ஒரு கிலோ கொறஞ்சா ஒவ்வொரு அடியிலயும் முழங்காலுக்கு போற பாரம் நாலு கிலோ கொறையும்னு கண்டுபிடிச்சிருக்காங்க, 3 கிலோன்னா 12 கிலோ, இத அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க கூடை தூக்கினவங்க, பாரத்தோட கணக்கு அவங்களுக்கு நல்லாவே வெளங்கும். முதல்ல வீட்டுக்குள்ள தொடங்குங்க. செவத்துல சாத்தின கதிரையில ஒக்காந்து கைய ஊனாம எந்திரிக்கிறது, திரும்ப மெதுவா ஒக்காருறது, ஏலாட்டி கைய ஊனலாம், கொஞ்ச நாள்ல கை தேவைப்படாது. அடுப்படி செவத்த பிடிச்சிக்கிட்டு குதிகால தூக்கி எறக்குறது. ஒரு லீட்டர் போத்தல்ல தண்ணி நெரப்பி கையில தூக்குறது. கெழமைக்கு ரெண்டு மூணு நாள் இத செஞ்சா போதும், தசை திரும்ப வளரும், எழுபது எண்பதுலயும் வளரும். வெளியில நடக்குறப்ப ஒரு கம்பு குடுங்க, எறக்கத்துல ஓட்டோவுல எறங்கி ஏத்தத்துல மெதுவா நடந்து வாறதும் ஒரு வழி. தேயிலைக்குள்ள குறுக்கு பாதையில வேணாம், குளவி இருக்கு, விடியக்காலையில சிறுத்தை வேற, தார் ரோட்டுல வெளிச்சம் வந்ததுக்கப்புறம். காலுல செருப்பு கட்டாயம், சீனி உள்ளவங்களுக்கு காலுல காயம் பட்டா தெரியாம போகலாம், வந்து பாதத்த பாக்கணும். மூச்சு முட்டினா, நெஞ்சு இறுக்கினா உடனே நிப்பாட்டணும்.

ஒங்களுக்கு தங்கச்சி, தைரொய்ட் ஒரு தடவ பாத்துருங்க, அது கொறஞ்சாலும் எடை ஏறும். அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல ஆரோக்கிய வாழ்க்கை நிலையம்னு ஒண்ணு நடக்குது, 35 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு எடை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாம பாப்பாங்க. எம்ஓஎச் ஒஃபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம்) பொம்பளைங்களுக்கான வெல் வுமன் கிளினிக்கும் இருக்கு, மார்பு, கர்ப்பப்பை கழுத்து பரிசோதனையும் அங்கயே செய்யலாம், வெக்கப்பட்டு போகாம இருக்காதீங்க.

பண்டாரவளை சேர்:

மிஸ்ஸி எழுதினதுக்கு மேல சேக்க கொஞ்சம் தான். மல்லி, கடையில ஒக்காந்திருக்கிறத நடுநடுவுல ஒடைங்க. ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எந்திரிச்சு ரெண்டு நிமிசம் சாமான் அடுக்குங்க, பகல சாப்ட்டதுக்கப்புறம் பத்து நிமிசம் ஹட்டன் டவுன்ல ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு வாங்க, சாப்ட்டவுடனே நடந்தா சீனி ஏறுறதும் கொறையும். மழ காலத்துல வீட்டுக்குள்ள கதிரை பயிற்சிய நீங்களும் அம்மா கூட சேந்து செய்ங்க, ஒருத்தர் எண்ண ஒருத்தர் செய்றது அவங்களுக்கும் பிடிக்கும். சீசன்ல சிவனொளிபாத மலை ஏறி எடை கொறைக்கலாம்னு யாரும் சொன்னா கேக்காதீங்க, ஐயாயிரத்துக்கு மேல படி, ஏறுறத விட எறங்குறது முழங்கால கெடுத்துரும். ஒங்களுக்கு பழக்கமிருந்தா போங்க, அம்மாவ மலையடியில உள்ள நல்லதண்ணி ஊரோட நிப்பாட்டிருங்க.

நுவரெலியா 77:

சேர், அந்த பவுடர்ல உள்ளது என்னான்னு பக்கட்டுல தேடினேன், சரியா எழுதியே இல்ல. நிப்பாட்டிட்டேன். எனக்கு 46, எங்கம்மாவுக்கு 72. அவங்க யாரும் சொல்லாமலே ஆறு மாசமா மெலிஞ்சிக்கிட்டே போறாங்க, 58 இருந்தவங்க இப்ப 53. நாங்க எல்லாம் நல்லதுன்னு சந்தோசப்பட்டோம். இது நல்லது தானே?

கிளினிக் மிஸ்ஸி:

இல்ல தம்பி, இது நல்லதுன்னு விட்டுராதீங்க. முயற்சி செய்யாம ஆறு மாசத்துலயோ ஒரு வருஷத்துலயோ 5 வீதத்துக்கு மேல எறங்கினா காரணம் தேடணும். ஒங்க அம்மாவுக்கு 8 வீதத்துக்கு மேல எறங்கியிருக்கு. சீனி கூடியிருக்கலாம், தைரொய்ட் கூடியிருக்கலாம், காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, பல்லு இல்லாம மெல்ல ஏலாம சாப்பாடு கொறஞ்சிருக்கலாம், எதுவா இருந்தாலும் நேரத்தோட பாத்தா நல்லது. இருமல், ராத்திரி வேர்வை, மலத்துல ரத்தம், முழுங்க கஷ்டம் இருந்தா அதையும் சொல்லுங்க. நாளைக்கே கூட்டிக்கிட்டு போங்க, பழைய கிளினிக் புத்தகம் இருந்தா எடுத்துக்கிட்டு போங்க, அதுல முந்தின எடை எழுதியிருக்கும், டொக்டருக்கு அது தான் முதல்ல தேவைப்படும். மருந்து ஏதாவது குடிக்கிறாங்கன்னா எல்லா அட்டையையும் ஒரு பைல போட்டு கொண்டு போங்க. பாத்துட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு இங்க எழுதுங்க தம்பி, நான் பாத்துக்கிட்டு இருப்பேன்.